நாலு கதவுக் காரை ரெண்டு கதவாக மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நாலு கதவு செடான் ஒன்றை வைத்துக்கொண்டு "இதை ரெண்டு கதவுக் கூபே ஆக்கினால் எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் பழைய கார் பைத்தியம். பட்டறை முதலாளி இல்லை. வேலை எடுத்துத் தருவீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பின்கதவு ரெண்டையும் வெல்டிங் வைத்து மூடிவிட்டால் ரெண்டு கதவுக் கார் ஆகிவிடாதா?

ஆகாது. அது பின்கதவு திறக்காத நாலு கதவுக் கார், அவ்வளவுதான்.

நாலு கதவுக் காரில் முன்கதவு குட்டையாக இருக்கும். அது முடியும் இடத்தில், ஓட்டுநரின் தோளுக்குப் பக்கத்தில், நடுத்தூண் நிற்கும். பட்டறையில் பி பில்லர் என்பார்கள். பின்கதவை மூடிவிட்டு இந்தத் தூணை அங்கேயே விட்டால் பின்சீட்டுக்குப் போக வழியே இல்லை. முன்சீட்டை மடக்கினாலும் கிடைக்கும் சந்தில் பூனை போகும், ஆள் போக முடியாது. ஆகவே தூண் பின்னால் நகர வேண்டும். தூண் நகர்ந்தால் முன்கதவு நீள வேண்டும், கதவு நீண்டால் கண்ணாடி மாற வேண்டும், சீட் பெல்ட் மாட்டும் இடம் மாற வேண்டும், கூரையைத் தாங்கும் புள்ளியும் மாறும். ஒரு நூலை இழுத்தால் துணி முழுக்கப் பிரிகிற கதை.

ஒருமுறை ஒரு கொட்டகையில் அம்பாசடர் ஒன்றைப் பார்த்தேன். பின்கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி, இடைவெளியில் அங்கங்கே டாக், அதாவது சின்ன வெல்டிங் புள்ளி, மட்டும் வைத்து, மேலே பட்டியைப் பூசி பெயின்ட் அடித்திருந்தார்கள். புதிதில் பளபளவென்றுதான் இருந்ததாம். ஒரு கோடை வெயில் போனதும் பட்டி வெடித்து, பழைய கதவின் கோடு பெயின்டுக்கு மேலே அப்படியே வந்துவிட்டது. நான் பார்த்தபோது சுண்ணாம்புக்கட்டியால் கதவு வரைந்தது போல இருந்தது.

கூபே என்றாலே ரெண்டு கதவுதானே?

பழக்கத்தில் அப்படி. சொல்லின் வேர் பிரெஞ்சில் "வெட்டுவது". வெட்டிக் குறுக்கிய வண்டி என்ற பொருளில் குதிரை வண்டிக் காலத்திலேயே இருந்தது. இங்கிலாந்தின் ரோவர் 1962-இல் தன் 3 லிட்டர் செடானின் கூரையைத் தாழ்த்தி அதற்குக் கூபே என்றே பெயர் வைத்தது. அதில் நாலு கதவு. எனவே பெயருக்காகச் சண்டை வேண்டாம்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் செய்கிறார்கள்?

பெரும்பாலும் பணத்துக்காகவும் கிடைக்காமையாலும். நல்ல உதாரணம் அமெரிக்காவின் 1955, 56, 57 ஷெவர்லே. அந்த மூன்று வருடக் கார்களை அங்கே "டிரை ஃபைவ்" என்று சேர்த்துச் சொல்வார்கள். ரெண்டு கதவு ஹார்ட்டாப்புக்கு, அதாவது ஜன்னல்களுக்கு நடுவே தூண் தெரியாத காருக்கு, விலை எங்கோ இருக்கும். அதே வருடத்து நாலு கதவு செடான் மலிவாகக் கிடைக்கும். நாலு கதவுக் கார்களை "மோர் டோர்" (கதவு கூடியது) என்று கிண்டல் செய்வதும் உண்டு. பல நல்ல செடான்கள் உதிரி பாகத்துக்காகவே வெட்டப்பட்டன. சரி, மலிவானதை வாங்கி விலை உயர்ந்ததாக மாற்றிவிடலாமே என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அதிலும் இந்த ஷெவர்லேயில் ரெண்டு கதவுக்கும் நாலு கதவுக்கும் ஒரே வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 115 அங்குலம். மூக்கும் வாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பார்த்தால் சுலபமாகத் தெரிகிறது. ஆனால் ஹார்ட்டாப்பின் கூரை செடானின் கூரை இல்லை, கதவு வேறு, பக்கத் தகடு வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரின் நடுப்பகுதி முழுவதும் வேறு.

என் கருத்து இதுதான்: தொழிற்சாலையே ரெண்டு கதவில் செய்த மாடல் என்றால் கத்தியை எடுக்காதீர்கள். காத்திருந்து அதையே வாங்குங்கள். மாற்றும் செலவில் பாதிக்கு, துருப்பிடித்த அசல் ரெண்டு கதவு உடல் கிடைத்துவிடும். 1957 ஷெவர்லே பெல் ஏருக்கு முழு இரும்பு உடலையே அமெரிக்காவில் இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். எந்தக் காலத்திலும் ரெண்டு கதவில் வராத காருக்கு மட்டுமே இந்த வேலைக்கு அர்த்தம் உண்டு.

கதவை எப்படி நீளமாக்குவது?

ரெண்டு கதவை வெட்டி ஒன்றாக்கித்தான். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஜாகுவாரே அப்படிச் செய்தது. 1968-இல் வந்த எக்ஸ்ஜே செடானிலிருந்து அவர்கள் எடுத்த ரெண்டு கதவு வடிவம்தான் எக்ஸ்ஜே கூபே. 1973-இல் காட்டினார்கள்; விற்பனைக்கு வர 1975 ஆனது. அதன் நீளமான கதவுக்குள் இருப்பது செடானின் முன்கதவுக் கூடுகள் ரெண்டு, வெட்டி ஒட்டியவை. வெளித்தகடு மட்டும் ஒரே துண்டு. உள்பக்க அட்டையைக் கழற்றினால் வெல்டிங் தையல் இன்றைக்கும் தெரியும்.

பட்டறையில் செய்வதும் இதே முறைதான். முன்கதவின் பின்விளிம்பை, பூட்டு இருக்கும் பகுதியோடு, அறுத்து எடுக்க வேண்டும். நடுவில் பின்கதவிலிருந்தோ இன்னொரு முன்கதவிலிருந்தோ எடுத்த துண்டைப் புகுத்தி, பூட்டு விளிம்பை அதன் முடிவில் மறுபடி வைக்க வேண்டும். வெளித்தகட்டில் நீளமாக ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி ஒரு சாண் தள்ளி, ஆறவிட்டு அடுத்தது என்று பொறுமையாகப் போக வேண்டும். முடிந்தால் மேல்தகட்டை ஒரே துண்டாகப் புதிதாக அடித்துப் போடுவது நல்லது. நல்ல டிங்கரிங் ஆளுக்கு இது புரியும். "பட்டி போட்டு லெவல் பண்ணிடலாம் சார்" என்று சொல்லும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று, கீல். கதவு நீளமானால் எடை கூடுவதோடு அந்த எடை கீலிலிருந்து தள்ளியும் போகிறது. கடைப்பலகையின் ஓரத்தில் மூட்டை வைத்தது போல. பழைய கீலையே விட்டால் சில மாதங்களில் கதவு தொங்கி, பூட்டும்போது தூக்கிப் பிடித்து அறைய வேண்டியிருக்கும். கனமான கீல் போட வேண்டும், அந்தக் கீலை ஏந்தும் முன்தூணுக்குள்ளும் தகடு வைத்து பலப்படுத்த வேண்டும். இந்த ரெண்டாவது வேலையை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தூணை நகர்த்தினால் காரின் பலம் என்ன ஆகும்?

கார் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது.

அடியில் தனிச் சட்டம், அதாவது சேஸிஸ், இருந்தால் பாரத்தை அது சுமக்கும். உடல் மேலே உட்கார்ந்திருக்கும். டிரை ஃபைவ் ஷெவர்லே அந்த வகை. மோனோகாக் என்றால் உடல்தான் சட்டம். கூரை, தூண், தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. அம்பாசடரும் பத்மினியும் இந்த வகை. இதில் நடுத்தூணை யோசிக்காமல் அறுத்தால், ஜாக்கி வைத்த மறுநொடி கதவு மூடாது.

அதனால் அறுப்பதற்கு முன்பே கதவு ஓட்டைகளின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்ட் செய்து, உடல் அசையாமல் பூட்டிவிட வேண்டும். மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதி வைக்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தில் அறுக்கக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்து அளவு சரிபார்த்த பிறகுதான் மறுபக்கம்.

பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. மேலே சொன்ன எக்ஸ்ஜே கூபேயில் ஜன்னலை இறக்கினால் நடுவில் தூணே இல்லாமல் திறந்த வெளி கிடைக்க வேண்டும் என்று செய்தார்கள். அழகுதான். ஆனால் கூரை லேசாக நெளிந்தது, அன்றைய பெயின்ட் அதைத் தாங்காமல் வெடித்தது. அத்தனை கார்களின் கூரைக்கும் மேலே கறுப்பு வினைல் உறை போட்டு அனுப்பியதற்குக் காரணம் அது. பார்ப்பவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஜன்னல் ஓரத்தில் காற்றுச் சத்தமும் தண்ணீர்க் கசிவும் வேறு. விற்பனை தள்ளிப்போனதில் அதற்கும் பங்கு உண்டு.

வீல்பேஸையும் குறைக்க வேண்டுமா?

பல தொழிற்சாலைகள் குறைத்தன. மெர்சிடிஸ் பென்ஸின் 123 வரிசைச் செடானுக்கு 2795 மி.மீ., கூபேக்கு 2710. அடுத்து வந்த 124-இல் 2800, கூபேயில் 2715. பெரிய 126 வரிசையில் 2935, கூபேயில் 2850. கழித்துப் பாருங்கள், மூன்றிலும் 85 மி.மீ. பிஎம்டபிள்யூ தன் 1500 வகைச் செடானிலிருந்து 1966-இல் ரெண்டு கதவு 1600-2 எடுத்தபோது 2550-ஐ 2500 ஆக்கியது. பெயரில் உள்ள அந்த 2 கதவின் எண்ணிக்கைதான். புகழ்பெற்ற 2002 இந்த வழியில் வந்தது.

குறைக்கக் காரணம் கண்ணுக்குத்தான். நாலு கதவுக்கென்று போட்ட நீளத்தில் ரெண்டு கதவை வைத்தால், கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வெறும் தகடு மைதானம் போலக் கிடக்கும். எண்பத்தைந்து மில்லிமீட்டர் என்பது நாலு விரல் அகலம், ஆனாலும் கண்டிப்பாகத் தெரியும்.

தனிப்பட்டறையில் இதைச் செய்யலாமா? தரையை அறுக்க வேண்டும், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், பின்சக்கரத்தைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் குறுக்க வேண்டும். வேண்டாம் என்பதே என் பதில். பிரான்ஸில் பொஸ்ஸேர் என்பவர் 1960-களில் சிட்ரோவன் டிஎஸ் காரை 47 செ.மீ. குறுக்கி ரெண்டு கதவுக் கூபே செய்தார். அவர் தெரிந்து செய்தார்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில கார்கள் ஏன் மொக்கையாகத் தெரிகின்றன?

கதவை மட்டும் மாற்றி, உடலின் கோடுகளை மாற்றாததால்.

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ 1965-இல் நாலு கதவு செடானாக வந்தது. அதையே ரெண்டு கதவில் இரண்டு பேர் செய்தார்கள். கார்களுக்கு உடல் கட்டித் தந்த ஜேம்ஸ் யங் என்ற பழைய நிறுவனம் செடானின் கோடுகளைத் தொடாமல் நீளக் கதவு மட்டும் வைத்தது. பென்ட்லி பெயரில் போனதையும் சேர்த்து மொத்தம் 50 கார்கள். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் பின்கதவு எங்கே போச்சு என்றுதான் தோன்றும். ரோல்ஸ் ராய்ஸின் சொந்தப் பிரிவான முல்லினர் பார்க் வார்டு வேறு மாதிரி யோசித்தது. கதவின் மேல்கோடு பின்னால் போகப் போகத் தாழ்ந்து, பின்சக்கரத்துக்கு மேலே இடுப்பு போல எழும்பும்படி தகட்டையே புதிதாக வளைத்தது. அந்தக் கார்தான் 1971-இல் கார்னிஷ் என்று பெயர் பெற்று, பிறகு பல வருடங்கள் ஓடியது.

வால்வோ 262சி இதற்கு எதிர்த்திசையில் நடந்த தவறு என்பது என் எண்ணம். கீழ்ப்பகுதி அப்படியே இருக்க, இத்தாலியின் பெர்டோனே பட்டறையில் கூரையை மட்டும் நறுக்கித் தாழ்த்தினார்கள். பெரிய உடம்பில் சின்னத் தொப்பி. அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

ஆக, அறுக்கும் முன் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்து, அதன் மேல் பென்சிலால் பத்து விதமாக வரைந்து பாருங்கள். கூரை பின்னால் இறங்கும் சரிவைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இதை உண்மையிலேயே சிறப்பாகச் செய்தவர் யார்?

என்னைக் கேட்டால் பாரிஸை ஒட்டிய லெவலுவா பெரேயில் பட்டறை வைத்திருந்த ஆன்ரி ஷப்ரோன்.

1955-இல் சிட்ரோவன் டிஎஸ் வந்தபோது அது நாலு கதவில் மட்டுமே. ஷப்ரோன் அதிலிருந்து ரெண்டு கதவோடு, கூரையை மடக்கித் திறக்கும் கார் செய்ய நினைத்தார். வெறும் அடித்தளம் மட்டும் கொடுக்க சிட்ரோவன் சம்மதிக்கவில்லை. மனிதர் சளைக்காமல் கடையில் முழுக் காரை விலை கொடுத்து வாங்கி, பிரித்து, 1958-இல் "லா குரோசெட்" என்ற காரைக் காட்டினார். நாட்டில் பேசப்பட்டதும் சிட்ரோவனே வந்து, எங்கள் பெயரிலேயே செய்து கொடுங்கள் என்றது. 1960 முதல் 1971 வரை அந்த அதிகாரபூர்வத் திறந்த டிஎஸ் ஷப்ரோன் பட்டறையிலேயே உருவானது. சுமார் 1,365 கார்கள். அதோடு "லே டாண்டி" போன்ற மூடிய கூபேகளைத் தன் பெயரில் தனியாகவும் விற்றார்.

அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் டிஎஸ் கட்டப்பட்ட விதம். உள்ளே எலும்புக்கூடு போல ஒரு சட்டகம், வெளித்தகடுகள் எல்லாம் அதன் மேல் போல்ட்டில் மாட்டியவை. பின்மட்கார்டு ஒரே ஒரு போல்ட்டில் கழன்று வரும். கதவு ஜன்னலைச் சுற்றிச் சட்டம் கிடையாது, கண்ணாடி மட்டும்தான். எனவே கதவை நீட்டும்போது மேல் சட்டத்தை வளைத்து ஒட்டும் தலைவலி அவருக்கு இல்லை. உங்கள் காரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ரெண்டையும் பாருங்கள்: தகடு போல்ட்டா வெல்டிங்கா, ஜன்னலுக்குச் சட்டம் உண்டா இல்லையா.

கண்ணாடிக்கு என்ன செய்வது?

கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய வகை. அதை அறுக்க முடியாது, அறுத்தால் கல்கண்டாக உதிர்ந்துவிடும். அட்டையில் அளவு வெட்டி, சாதாரணக் கண்ணாடியை அந்த வடிவத்தில் அறுத்து, அப்புறம்தான் சூளையில் டஃபன் செய்ய வேண்டும். தட்டைக் கண்ணாடி உள்ள பழைய காருக்கு இது பெரிய விஷயமில்லை. வளைந்த கண்ணாடி என்றால் அச்சு வேண்டும், செலவு ஏறிவிடும்.

சீட், பெல்ட்?

முன்சீட்டின் முதுகு முன்னால் மடங்க வேண்டும். மடங்கியது தானாக வந்து ஓட்டுநர் மேல் விழாதபடி பூட்டும் வேண்டும். வேறு ரெண்டு கதவுக் காரின் சீட்டை வாங்கிப் பொருத்துவது புத்திசாலித்தனம்.

பெல்ட்டின் மேல்முனை நடுத்தூணில் இருந்தது, இப்போது தூண் உங்கள் முதுகுக்கு வெகு பின்னால். கையை முறுக்கி எடுக்க வேண்டும். மெர்சிடிஸின் 126 கூபேயில் இதற்கென்றே பெல்ட்டை முன்னால் நீட்டிக் கொடுக்கும் மோட்டார் கை ஒன்று இருந்தது. நமக்கு அதெல்லாம் வேண்டாம். ஆனால் பெல்ட் மாட்டும் இடத்தில் வெறும் தகட்டில் துளை போட்டு நட்டு முடுக்காதீர்கள். பின்னால் கனத்த இரும்புத் தட்டு வைத்து வெல்ட் செய்ய வேண்டும். உயிர் அந்த நட்டில் இருக்கிறது.

இந்தியாவில் சட்டம் அனுமதிக்கிறதா?

சாலையில் ஓட்டும் காருக்கு, இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. கேஸ் கிட் போடுவதற்கு வழி இருக்கிறது, அனுமதியோடு இன்ஜின் மாற்றவும் இருக்கிறது. உடலின் அமைப்பை வெட்டி ஒட்டுவது அந்த வகையில் வராது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யைக் காட்டி "கதவு மட்டும்தான் சார் மாற்றினேன்" என்றால் நடக்காது. இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

இன்னொரு இழப்பு: 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் கெடாத வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உடலை வெட்டிய காருக்கு அந்த வாசல் மூடிவிடும். கண்காட்சிக்கு மட்டும், லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் கார் என்றால் அது உங்கள் விருப்பம்.

நம் ஊரில் யாராவது இப்படிச் செய்தார்களா?

நம் ஊரில் நடந்த பெரிய கதை தலைகீழானது. ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் ரெண்டு கதவுக் காராகப் பிறந்தது. அதைச் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. வீட்டில் தாத்தா பாட்டி முதல் பேரன் வரை ஒரே காரில் ஏறும் நாடு இது. சீட்டை மடக்கிப் பின்னால் ஏறு என்று பாட்டியிடம் யார் சொல்வது? 1960-களின் பிற்பகுதியில் அவர்களே இங்கே நாலு கதவு ஹெரால்டு செய்தார்கள். அது இங்கிலாந்தில் வராத வடிவம். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், உடலோ துண்டு துண்டாக போல்ட்டில் மாட்டியது, கூரையைக்கூடக் கழற்றலாம். அதனால்தான் அந்த மாற்றம் கையாளக்கூடியதாக இருந்தது. அதன் பிறகு அதே நிறுவனம் செய்த கெஸல் காரும் நாலு கதவுதான்.

ஆகவே உங்களிடம் ஹெரால்டு இருந்து, ரெண்டு கதவு ஆசையும் இருந்தால், எதையும் அறுக்க வேண்டாம். பழைய ரெண்டு கதவு ஹெரால்டைத் தேடுங்கள்.

மாற்றினால் விலை கூடுமா?

பெயர்பெற்ற பட்டறை செய்ததற்கு மட்டும், காகிதச் சான்றும் இருந்தால். ஷப்ரோன் செய்ததற்கு ஒரு விலை, செடானை வெட்டிப் பின்னாளில் யாரோ செய்த திறந்த டிஎஸ்ஸுக்கு வேறு விலை. விற்கும்போது மாற்றியது என்று சொல்லிவிடுங்கள். உள்ளே வெல்டிங் தையல் பேசத்தான் போகிறது.

வெட்டியது போக மிஞ்சும் பின்கதவுத் துண்டுகளை என்ன செய்வது?

பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். பின்கதவுக் கைப்பிடி, பூட்டு, கண்ணாடி ஏற்றும் பொறி, கீல், ரப்பர் பீடிங் எல்லாம் தனித்தனியாகக் கழற்றி, எண்ணெய் தடவி, எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். அதே மாடலை நாலு கதவோடு வைத்திருப்பவர் எவராவது ஒருநாள் கைப்பிடி கேட்டு வருவார். தகட்டுத் துண்டுகளையும் ஓரமாக வையுங்கள். அந்தக் காரின் தகட்டுக் கனமும் வளைவும் அதில்தான் இருக்கின்றன. பின்மட்கார்டில் துரு வந்தால் ஒட்டுப்போட வேறெங்கும் தேட வேண்டாம்.